கல்வி மேடை: கோலத்தில் கணக்கு, பறையில் அறிவியல்

பள்ளிப் பாடங்களோடு கலையையும் தொழில்நுட்பத்தையும் இணைத்துக் கற்பிப்பது பற்றி மதுரை வட்டாரத்து ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். எல்லாம் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் ஒரு பதிலில் விரித்துச் சொன்னதை இன்னொன்றில் சுருக்கியிருக்கிறேன். முழுவதையும் சேர்த்துப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

கேள்வி: எல்லாப் பாடங்களையும் கலையோடு இணைத்து நடத்த வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்புக்குக் காரணிகள் பாடம் நடத்தியபோது, பிள்ளைகளைச் சார்ட்டில் கோலம் போட்டு வண்ணம் தீட்டச் சொன்னேன். பார்க்க அழகாக இருந்தது. அதனால் கணக்கு எந்த விதத்தில் புரிந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. உண்மையான இணைப்பு எப்படி இருக்க வேண்டும்?
– நடுநிலைப் பள்ளிக் கணித ஆசிரியை, மேலூர்

பதில்: தங்களுக்கு எழுந்த ஐயம் மிகவும் நியாயமானது. கலை பாடத்தோடு இணைந்திருக்கிறதா, பாடத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதை அறிய நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி இதுதான்: அந்தக் கலைச் செயலை எடுத்துவிட்டால் பாடத்தில் ஏதேனும் குறைகிறதா? சார்ட்டில் வரைந்த கோலத்தை எடுத்துவிட்டாலும் காரணிகள் பாடம் அப்படியே நிற்குமானால், அங்கே கோலம் அலங்காரமாக மட்டுமே இருந்திருக்கிறது. ஆனால் தாங்கள் தேர்ந்தெடுத்த அதே கோலத்துக்குள்தான் தாங்கள் நடத்த வேண்டிய பாடமும் இருக்கிறது.

சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி முற்றத்தில் நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைக்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் இழைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்ல வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்ப வேண்டும். நடுவில் எங்கும் இழையை மடக்கக் கூடாது. இந்த விதிப்படி 2 வரிசைகளில் வரிசைக்கு 3 புள்ளிகள் வைத்துப் போட்டால், கையை எடுக்காமல் ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும். 3-க்கு 4 வைத்தாலும் ஒரே இழைதான். 4-க்கு 4 வைத்தால் நான்கு தனித்தனி இழைகள் வரும். 4-க்கு 6 வைத்தால் இரண்டு, 6-க்கு 9 வைத்தால் மூன்று. குழுவுக்கு ஓர் அளவாகக் கொடுத்து, வந்த இழைகளின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த விளக்கமும் சொல்லிவிடாதீர்கள். இழைகளின் எண்ணிக்கை எப்போதும் அந்த இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியாகவே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டு சொல்லும் வரை பொறுத்திருப்பதுதான் இந்தப் பாடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டிய கடினமான வேலை.

கண்டுபிடித்த பிறகு, ஏன் அப்படி வருகிறது என்ற கேள்வியை வையுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி நான்கு சிறு கோட்டுத் துண்டுகள் இருப்பதால், 4-க்கு 6 கோலத்தில் மொத்தம் 96 துண்டுகள் இருக்கும். இரண்டு இழைகளில் ஒவ்வொன்றையும் விரலால் தொடர்ந்து எண்ணினால் 48 துண்டுகள் வரும். 4, 6 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12; அதன் நான்கு மடங்கு 48. எந்த அளவில் போட்டாலும் எல்லா இழைகளும் இந்த வகையில் சமநீளமாகவே அமையும். இரு எண்களின் பெருக்கற்பலன், அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம் என்று பாடநூலில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வரியை இப்போது தரையில் தொட்டுக் காட்டலாம். இந்தப் பாடத்திலிருந்து கோலத்தை எடுத்துவிட்டால் பாடமே இருக்காது.

தொழில்நுட்பம் அடுத்த நாள் வரட்டும். 12-க்கு 18 கோலத்தில் எத்தனை இழைகள் வரும் என்று பிள்ளைகள் ஆறு என ஊகிப்பார்கள். அதைக் கையால் போட்டுச் சரிபார்ப்பதற்குள் பொறுமை போய்விடும். கை ஓய்கிற அந்த இடத்தில்தான் கணினிக்கு வேலை இருக்கிறது. 1967-இல் சீமோர் பேப்பர்ட் உள்ளிட்டோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியிலோ, பைத்தான் என்ற கணினி மொழியில், திரையில் நகரும் 'ஆமை' கோடு வரைந்துகொண்டே போகும் ஆமை வரைகலையிலோ, 'முன்னே போ, திரும்பு, திரும்பச் செய்' என்ற கட்டளைகளைக் கொண்டே இந்தக் கோலத்தை வரையவைக்கலாம். அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தை ஒரு பிற்பகலுக்குக் கேட்டுப் பெறுங்கள். கோலத்தைக் கணினிக்குக் கொண்டுபோவது நம் மண்ணில் புதிய எண்ணமும் இல்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களை உருவாக்கும் விதிகளை மொழியின் இலக்கணம்போல வகுத்து 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கணினி அறிவியலில் பட மொழிகள் பற்றிய துறையில் அது இன்றும் பேசப்படுகிறது.

முதல் நாள் வகுப்புக்குப் பிள்ளைகளின் அம்மாக்களையும் அப்பத்தாக்களையும் அழையுங்கள். மார்கழி முழுவதும் வாசலில் கம்பி இழுக்கும் அவர்களுக்கு, எந்த அளவில் போட்டால் ஒரே இழையாக முடியும் என்பது கையிலேயே இருக்கும். ஆண் பிள்ளைகளையும் கட்டாயம் கோலமாவு எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. பள்ளியில் நாடகம், படம், வீடியோ என்று நேரம் போகிறது. இதனால் மதிப்பெண் குறையாதா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: கலை கற்றால் கணக்கிலும் அறிவியலிலும் மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்று சிலர் மேடைகளில் சொல்கிறார்கள்; அந்த வாக்குறுதியை நான் தர மாட்டேன். அமெரிக்காவில் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கலைப் பயிற்சி பொதுவாக மற்றப் பாடங்களின் மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உறுதியாகக் கிடைத்த மிகச் சிலவற்றுள் ஒன்று, வகுப்பறை நாடகத்துக்கும் மொழித்திறனுக்கும் உள்ள தொடர்பு: ஒரு கதையை நடித்துப் பார்த்த பிள்ளைகள் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அது குறிக்கும் பொருளைப் படமாக வரைந்தவர்கள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்; படம் அழகாக இருந்ததா என்பது பொருட்டாகவே இல்லை.

எனவே கலை எந்த வேலைக்காக வகுப்பில் வருகிறது என்பதைப் பொறுத்தே பயன் அமையும். இதயத்தில் இரத்தம் ஓடும் வழியைப் பிள்ளைகளே அறைகளாகவும் வால்வுகளாகவும் நின்று நடித்துப் பார்க்கும் இருபது நிமிடம், படிப்புக்கான நேரமே. அந்த நாடகத்துக்கு உடை தைப்பதிலும் வீடியோவுக்குப் பின்னணி இசை தேடுவதிலும் மூன்று நாள் போனால், அதைப் பற்றிக் கேட்கத் தங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மகள் வீட்டுக்கு வந்ததும், இன்று நடித்தது எதைப் பற்றி, அதை நாடகம் இல்லாமல் எனக்குச் சொல் என்று கேளுங்கள். அவள் தடையின்றிச் சொன்னால் கவலைப்பட வேண்டாம். சொல்ல முடியாமல் தன் வசனத்தை மட்டும் ஒப்பித்தால், ஆசிரியரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அது அவருக்கும் உதவும். ஒன்பதாம் வகுப்பு வரை, வகுப்பில் பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில் இத்தகைய செயல்பாடுகளுக்கு இடம் இருப்பதால், இவை மதிப்பெண்ணுக்கு முற்றிலும் வெளியே நிற்பவையும் அல்ல.

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு ஒலி பற்றிய பாடம் நடத்த வேண்டும். ஆய்வகக் கருவிகள் இல்லை. என்னுடைய செல்போன் ஒன்றுதான் இருக்கிறது. இசையோடு சேர்த்து நடத்த வழி உண்டா?
– அறிவியல் ஆசிரியர், உசிலம்பட்டி

பதில்: ஒரு செல்போன் தாராளமாகப் போதும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலி, போனின் மைக்கைக் கொண்டே ஒலியின் அதிர்வெண்ணை அளந்து காட்டும். அதைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பாடவேளையில் போனை வெளியே எடுக்க வேண்டாம். பிள்ளைகளின் காது முதலில் வேலை செய்யட்டும்.

ஒரே அளவுள்ள எவர்சில்வர் டம்ளர்கள் சிலவற்றில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். பிறகு ஒரே அளவுள்ள கண்ணாடிப் பாட்டில்களில் அதேபோலத் தண்ணீர் ஊற்றி, வாய் விளிம்பில் ஊதச் சொல்லுங்கள். இப்போது தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும். இந்த முரண்பாட்டைக் கேட்டதும் வகுப்பு விழித்துக்கொள்ளும். தட்டும்போது அதிர்வது பாத்திரத்தின் சுவர். தண்ணீர் அதன் மேல் பாரமாக நின்று அதிர்வை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று; தண்ணீர் ஏற ஏறக் காற்றின் இடம் குறுகி அதிர்வு விரைவாகிறது. எது அதிர்கிறது என்ற கேள்வியே ஒலிப் பாடத்தின் அடிப்படை என்பதால், அதைப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்கும் வரை காத்திருங்கள்.

அடுத்த வகுப்பில் ஜலதரங்கம் செய்யலாம். சட்ஜத்தின் (ச) அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் பஞ்சமம் (ப) 600, மேல் சட்ஜம் 800. பாட்டுக் கேட்டுப் பழகிய ஒரு பிள்ளை காதால் சுருதி சேர்க்கட்டும். இன்னொரு பிள்ளை போனில் எண்ணைப் படிக்கட்டும். காது சொன்னதும் எண் சொன்னதும் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் வந்து பொருந்துவதை அவர்கள் பார்க்க வேண்டும். கணித ஆசிரியரும் அன்று உடனிருந்தால், விகிதப் பாடத்தின் பாதியை அங்கேயே நடத்திவிடலாம்.

தங்கள் பகுதியில் நல்ல பறை இசைக் கலைஞர்கள் இருப்பார்கள். ஒருவரை அழைத்து, பறையைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் அடித்துக் காட்டச் சொல்லி அதிர்வெண்ணை அளந்து பாருங்கள். சூட்டில் தோலின் ஈரம் போய் அது இறுகுவதால் இழுவிசை கூடுகிறது, சுருதி ஏறுகிறது. இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரண்டு மடங்காகும் என்பதையும் சொல்லலாம். தீ மூட்டுவதும் காய்ச்சுவதும் திறந்த வெளியில், அந்தக் கலைஞரின் கையால் மட்டுமே நடக்க வேண்டும்.

இதோடு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பறையைச் சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கி, அதை இசைத்தவர்களையும் ஒதுக்கிய வரலாறு நம் ஊர்களுக்கு உண்டு. எந்தப் பிள்ளையையும் பார்த்து, 'உன் வீட்டில் இருக்குமே, கொண்டு வா' என்று வகுப்பில் கேட்டுவிடாதீர்கள். வருகிற கலைஞரை ஆசிரியர்களோடு சமமாக அமரவைத்து, பேசிய ஊதியத்தைக் கொடுத்து, அவர் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அன்று அதிர்வெண்ணோடு சேர்ந்து பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் பாடம் அதுவும்தான்.

கேள்வி: பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். செல்பி எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். பயணத்தைப் பாடமாக்குவது எப்படி?
– சமூக அறிவியல் ஆசிரியர், திருப்புவனம்

பதில்: 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் தங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது பெரிய பேறு. அங்கே போய்ப் பொருள்களைப் பார்ப்பதோடு, தொல்லியலாளர் அந்தப் பொருள்களை வைத்துக்கொண்டு என்ன வேலை செய்கிறார் என்பதையும் பிள்ளைகள் செய்து பார்க்க வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி வரைதல். நல்ல கேமராக்கள் வந்துவிட்ட பிறகும் பானை ஓடுகளை அவர்கள் இன்னும் கையால் வரைகிறார்கள். ஒளிப்படம் ஓட்டின் தோற்றத்தைக் காட்டும். அதன் தடிமனையும் வாய்விளிம்பு வளையும் விதத்தையும் வெட்டுத்தோற்றமாகக் காட்ட வரைபடம் வேண்டும். ஒரு பாதியில் வெளிப்புறம், மறுபாதியில் வெட்டுமுகம் என்று வரையும் அந்த முறையை ஓவிய ஆசிரியர் ஒரே பாடவேளையில் கற்றுக்கொடுத்துவிடுவார்.

இதற்குத் தொல்லியல் இடத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அது சட்டப்படியும் குற்றம். மானாமதுரைப் பானை ஒன்றை வாங்குங்கள். அதன் வாயின் விட்டத்தை அளந்து யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்துக்கொண்டு, பானையைத் துணியில் சுற்றி உடைத்து, குழுவுக்கு ஒரு விளிம்புத் துண்டு கொடுங்கள். கையில் இருக்கும் சிறு துண்டிலிருந்து முழுப் பானையின் வாய் எவ்வளவு பெரியது என்று கண்டுபிடிக்க வேண்டும். விளிம்பைத் தாளில் வைத்து வில்லை வரைந்து, அதன் இரு முனைகளையும் இணைத்தால் நாண் கிடைக்கும். நாணின் நடுவிலிருந்து வில் வரையுள்ள உயரத்தையும் அளக்க வேண்டும். நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதனோடு உயரத்தின் பாதியைக் கூட்டினால் ஆரம் வந்துவிடும். நாண் 12 செ.மீ., உயரம் 2 செ.மீ. என்றால், 144-ஐ 16-ஆல் வகுக்க 9, அதனோடு 1 கூட்ட 10. பானையின் வாய்க்கு விட்டம் 20 செ.மீ. மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து அதை இருசமக் கூறிடும் என்ற ஒன்பதாம் வகுப்புத் தேற்றத்தையும் பிதாகரஸ் தேற்றத்தையும் கொண்டே இந்த வாய்பாட்டைப் பிள்ளைகள் வருவித்துவிடலாம். கடைசியில் தாங்கள் எழுதி வைத்த அளவைக் காட்டுங்கள்.

செல்போனையும் தொல்லியலாளரைப் போலவே பயன்படுத்தச் சொல்லுங்கள்: அளவுகோலை அருகில் வைத்து, நேர் மேலிருந்து, நிழல் விழாமல் படம் எடுக்க வேண்டும். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளில் கீறப்பட்ட பெயர்களைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பிராமி எழுத்துகள் 2010 முதல், கணினிகளுக்கான பொது எழுத்துக்குறி முறையான யூனிகோடில் இடம்பெற்றிருப்பதால், உரிய எழுத்துருவைக் கணினியில் ஏற்றித் தங்கள் பெயரை அவ்வெழுத்துகளில் உள்ளிடவும் முடியும். முதலில் ஆணியால் ஓட்டில் கீறட்டும், பிறகு தட்டச்சு செய்யட்டும். ஈரக்களிமண்ணிலும் சுட்ட ஓட்டிலும் கீறும்போது கோடு எப்படி வேறுபடுகிறது என்பது கைக்குத் தெரிந்தால், அந்தப் பெயர்கள் பானை சுடுவதற்கு முன் எழுதப்பட்டவையா பின் எழுதப்பட்டவையா என்று அறிஞர்கள் ஆராய்வதன் பொருளும் விளங்கும்.

கேள்வி: கோடை விடுமுறையில் ஒரு செயல்திட்டம் செய்ய விரும்புகிறேன். வீடு தெப்பக்குளம் அருகில் இருக்கிறது.
– எட்டாம் வகுப்பு மாணவன், மதுரை

பதில்: அன்புத் தம்பி, உன் வீட்டருகே இருக்கும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமே உனக்குப் போதும். திருமலை நாயக்கர் காலத்தில் 1645-இல் அமைந்தது. ஏறத்தாழ 305 மீட்டர் நீளமும் 290 மீட்டர் அகலமும் கொண்டது. நீ முதலில் கரையைச் சுற்றி நடந்து காலடியால் அளந்து பார். பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தில் அளந்து இரண்டையும் ஒப்பிடு. ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 8.8 கோடி லிட்டர் வரும். மைய மண்டபத்தின் இடத்தைக் கழித்துச் சரியான அளவை நீயே கணக்கிடு. அளவு மாறாமல் ஒரு வரைபடம் வரை. தண்ணீர் வைகையிலிருந்து எந்த வழியாக வருகிறது என்பதையும் அதில் காட்டு. தைப்பூசத் தெப்பத் திருவிழாவைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் பெரியவர்களிடம், அனுமதி பெற்று, அவர்கள் பேச்சைப் பதிவு செய். படிக்கட்டில் இறங்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

கேள்வி: நான் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை செய்கிறேன். ஒரு பள்ளியில் அழைத்தார்கள். ஒரு மணி நேரம் செய்து காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என் தொழிலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாடம் எதுவும் இல்லையா?
– மதுரை வாசகி

பதில்: அம்மா, தங்கள் தொழிலில் நிறையப் பாடம் இருக்கிறது. மதுரைச் சுங்குடி 2005-இலேயே புவிசார் குறியீடு பெற்றது. தங்கள் கையில் இருப்பதை அந்தப் பள்ளி கேட்கத் தவறிவிட்டது. அடுத்த முறை அழைத்தால், செய்து காட்டுவதோடு நிற்காமல் பிள்ளைகளையும் செய்யவைப்பதாகச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு சிறு வெள்ளைப் பருத்தித் துணி, நூல், மஞ்சள் தூள் போதும். பிள்ளைகள் கட்டத்தாளில் புள்ளிகளைத் திட்டமிட்டு, துணியில் குறித்து, தாங்கள் காட்டுகிறபடி முடிச்சிட்டு, கொதித்த மஞ்சள் நீரில் தோய்த்துக் காயவைத்துப் பிரித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சாயம் ஏன் முடிச்சுக்குள் போகவில்லை என்று அறிவியல் ஆசிரியர் அப்போது கேட்கட்டும். பிறகு சோப்புக் கரைசலைத் தூரிகையால் தொட்டு மஞ்சள் பரப்பில் வரைந்தால் கோடு சிவக்கும். எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். அமிலம், காரம் என்று பாடநூலில் இருப்பது இதுதான்.

தங்கள் விரல்கள் முடிச்சிடுவதைப் பிள்ளைகள் போனில் மெதுவோட்டப் பதிவாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒவ்வொரு படியையும் தமிழில் எழுத முயலட்டும். பார்த்ததைப் பிறர் செய்யும்படி எழுதுவது எளிதில் வராத எழுத்துப் பயிற்சி. தங்கள் ஒரு நாள் கூலிக்குக் குறையாத தொகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். படமும் பதிவும் எங்கே பயன்படும் என்று கேட்டுச் சம்மதித்த பின்னரே எடுக்க விடுங்கள். அழைக்கிற பள்ளிகளும் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் படம் வரைந்து தருகின்றன. கலை இணைந்த செயல்திட்டங்களுக்கு மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாமா?
– தலைமை ஆசிரியர், மதுரை

பதில்: சிறு வகுப்புகளில் வேண்டாம். வரைவதன் பயன் வரைகிற கையிலும் கூர்ந்து பார்க்கிற கண்ணிலும் இருப்பதால், கருவி வரைந்த படத்தை ஒப்படைக்கும் பிள்ளைக்கு எதுவும் கிடைப்பதில்லை. யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்தக் குறைந்தது 13 வயதாவது இருக்க வேண்டும் என்று சொல்கிறது. மேல் வகுப்புகளில் அவற்றை ஐயத்தோடு சோதிக்கும் பயிற்சியாக்கலாம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் படத்தைக் கருவியிடம் கேட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று உண்மையான கோபுரத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 170 அடி உயரம் நிற்கிற அந்தக் கோபுரத்தில் எந்தெந்த நுணுக்கங்களைக் கருவி தவறவிட்டது, எவற்றைக் கற்பித்துச் சேர்த்தது என்று எழுதட்டும். மாணவர்களின் முகப்படங்களையும் குரலையும் இத்தகைய தளங்களில் ஏற்ற அனுமதிக்காதீர்கள். 18 வயது நிறையாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கேள்வி: நான் பகுதிநேர ஓவிய ஆசிரியர். கலையை எல்லாப் பாடத்திலும் இணைக்கிறோம் என்று சொல்லி, என் ஓவியப் பாடவேளையை மற்ற ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைப்பது சார்ட் எழுதும் வேலையும் ஆண்டுவிழா மேடை அலங்காரமும்தான். என்ன செய்வது?
– வாடிப்பட்டி

பதில்: தங்கள் கடிதம் எனக்கு வருத்தம் தந்தது. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் பலரும் தங்கள் நிலையில் இருக்கக் கூடும். கலையைப் பாடங்களோடு இணைப்பது, கலைக்கென உள்ள நேரத்தைப் பறிப்பதற்கான அனுமதி ஆகாது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வியைக் கட்டாயப் பாடமாக வைக்கப் பரிந்துரைத்தது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2019-இல் தன் பள்ளிகளுக்குக் கலை இணைந்த கற்பித்தலை வலியுறுத்தியபோது, அதே சுற்றறிக்கையில் கலைக்கென ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு பாடவேளைகள் தனியே ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் ஒன்றாகவே சொல்லப்பட்டன. நம் மாநிலத்தில் 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழா பல பிள்ளைகளின் திறமையை வெளியே கொண்டுவந்திருக்கிறது; எனினும் ஆண்டுக்கு ஒரு முறை வரும் போட்டி, வாரந்தோறும் நடக்க வேண்டிய பயிற்சிக்கு ஈடாகாது.

பானை ஓட்டின் வெட்டுத்தோற்றம் பற்றி மேலே எழுதியதைப் பாருங்கள். வடிவத்தையும் நிழலையும் பார்க்கப் பழகாத பிள்ளைக்கு அந்தப் பாடம் நடக்காது. அந்தப் பழக்கத்தைத் தரக்கூடியவர் தாங்கள் ஒருவரே. ஓவிய வகுப்பு நின்றுபோன பள்ளியில், இணைப்பு என்ற பெயரில் வண்ணம் தீட்டுவது மட்டுமே மிஞ்சும்.

தாங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பருவத் தொடக்கத்தில் மற்ற ஆசிரியர்களிடம் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, எந்தப் பாடத்துக்கு எந்த வரைதிறன் முன்கூட்டியே வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள். உயிரியலுக்கு இலையின் நரம்பமைப்பைக் கண்டு வரைதல், புவியியலுக்குச் சமஉயரக் கோடுகள், வடிவியலுக்கு அளவுமாற்ற வரைபடம் என்று அது நீளும். தங்கள் பாடவேளையைக் கேட்டு வருகிறவரிடம், அந்த நேரத்தில் இருவருமாகச் சேர்ந்து வகுப்பெடுப்போம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவிடம் போகலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் அந்தக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பிள்ளைகள் வரைந்த நோட்டுகளை அவர்கள் முன் விரித்து வைத்து, ஓவியப் பாடவேளையை வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுதித் தருமாறு கேளுங்கள்.